காற்றாலைப் புள்ளிகளிலிருந்து அடர்த்தி வரைபடம்: குமரி மாவட்டத்தை வைத்து ஒரு செய்முறை

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள், ஓர் ஊராட்சியின் பொதுக்கிணறுகள், டெங்கு வந்த வீடுகள் எல்லாமே வரைபடத்தில் வெறும் புள்ளிகள். எங்கே நெருக்கம், எங்கே கலைவு என்று காட்டும் அடர்த்திப் படமாக அவற்றை மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் அந்தக் கட்டளைக்கு முன்னால் எடுக்கும் இரண்டு முடிவுகள்தான் படத்தைத் தீர்மானிக்கின்றன. எந்த எல்லைக்குள் கணக்கிடுகிறோம் என்பது ஒன்று. ஒரு புள்ளியை எவ்வளவு தூரத்துக்குப் பரப்புகிறோம் என்பது இன்னொன்று. இவற்றை நீங்கள் சொல்லாவிட்டால் மென்பொருள் தானாக எதையாவது எடுத்துக்கொள்ளும். பார்வைக்கு அழகான படமும் கிடைக்கும். ஆனால் அது உங்கள் கேள்விக்கான விடையாக இருக்காது.

இங்கே எடுத்துக்காட்டு காற்றாலைகள். செயற்கைக்கோள் படத்தில் அவை தெளிவாகத் தெரிவதால் வெளியே போகாமலே புள்ளிகளைத் திரட்டிப் பழகலாம்.

என்னென்ன வேண்டும்

கணக்கிட ஆர் மென்பொருள், அதற்குள் மூன்று தொகுப்புகள்: ஸ்பேட்ஸ்டாட் (புள்ளிக் கணக்குக்கு), எஸ்எஃப் (வரைபடக் கோப்புகளைத் திறக்க), டெர்ரா (படத்தைச் சேமிக்க). புள்ளிகளைக் குறிக்க கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். எல்லாமே இலவசம். ஸ்பேட்ஸ்டாட் 2021-இல் பல சிறு தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. பழைய பாடங்களில் வரும் ஸ்பேட்ஸ்டாட்.கோர் இப்போது இல்லை. அடர்த்திக் கட்டளைகள் ஸ்பேட்ஸ்டாட்.எக்ஸ்ப்ளோர் என்ற பிரிவில் இருக்கின்றன. தாய்த் தொகுப்பான ஸ்பேட்ஸ்டாட்டை நிறுவினால் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும்.

கட்டளைப் பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும். பெயரின் நடுவில் வரும் புள்ளியையும் அடிக்கோட்டையும் விடக்கூடாது. சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் ஆருக்கு வேறு வேறு. விண்டோஸில் 4.2-க்கு முந்தைய ஆர் வைத்திருப்பவர்கள் கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்தால் கோப்பு திறக்காமல் போகலாம். புதிய பதிப்புக்கு மாறுவது நல்லது.

புள்ளிகளைக் குறித்தல்

கியூஜிஐஎஸ்-இல் செயற்கைக்கோள் படத்தை விரித்து, ஒவ்வொரு காற்றாலையின் தூண் அடியிலும் ஒரு புள்ளி வையுங்கள். படம் சற்றுச் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் விசிறி ஒரு பக்கமாகத் தள்ளித் தெரியும், நிழலோ இன்னொரு பக்கம் நீண்டு கிடக்கும். இரண்டையும் குறிக்கவேண்டாம். படம் எந்த ஆண்டில் எடுத்தது என்பதையும் எழுதிவையுங்கள். பழைய சிறு காற்றாலைகளை அகற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்தும் வேலை நடக்கும் இடங்களில் ஆண்டு மாறினால் எண்ணிக்கையும் மாறும்.

நேரில் போய்க் கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். திறந்தவெளியில் பிழை சில மீட்டர்தான். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குள் நின்று எடுத்தால் பிழை கூடும். இடக்குறி அசையாமல் நிலைக்கும்வரை காத்திருந்து பதிவு செய்யுங்கள்.

பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணையாக) வைத்தால் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். முதலாவது, பாகை-கலையை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அப்படியே தசமமாக எழுதிவிடுவது. 8 பாகை 15 கலை என்பது 8.25, அதை 8.15 என்று எழுதினால் புள்ளி 11 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். இரண்டாவது, வரிசை மாறுவது. எக்ஸ் என்பது தீர்க்கரேகை (77-இல் தொடங்குவது), ஒய் என்பது அட்சரேகை (8-இல் தொடங்குவது). மாற்றிக் கொடுத்தால் புள்ளிகள் வடதுருவப் பக்கத்துக் கடலில் போய் விழும். நல்லவேளையாக இந்தத் தவறு உடனே கண்ணில் படும்.

பாகையை மீட்டராக்குதல்

மீட்டராக்காமல் பாகையிலேயே கணக்கிடும் தவறு கண்ணில் படாது. ஆகவே கவனம் கூடுதலாக வேண்டும். நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒரு பாகை தீர்க்கரேகையும் ஒரு பாகை அட்சரேகையும் கிட்டத்தட்ட ஒரே நீளம், இரண்டுமே 110 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பாகையிலேயே கணக்கிட்டாலும் படம் கோணாமல் சரியாகவே தெரியும். ஆனால் வரும் எண், ஒரு சதுரப் பாகைக்கு எத்தனை புள்ளி என்பது. ஒரு சதுரப் பாகை இங்கே ஏறத்தாழ 12,000 சதுர கிலோமீட்டர். மாவட்டம் முழுவதுமே 1,672 சதுர கிலோமீட்டர்தான். அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை.

எஸ்டி_ரீட் கட்டளையால் கோப்பைத் திறந்து, எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் கட்டளையில் 32643 என்ற குறியெண்ணைக் கொடுங்கள். அது யுடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) 43 வடக்கு மண்டலம். குமரி மாவட்டம் முழுவதும் அதற்குள் அடங்கும். மாற்றியபின் எண்களைப் பாருங்கள். கிழக்கு எண் ஏறத்தாழ 7.3 லட்சத்துக்கும் 7.9 லட்சத்துக்கும் இடையில், வடக்கு எண் 8.9 லட்சத்துக்கும் 9.5 லட்சத்துக்கும் இடையில் இருந்தால் சரி.

எஸ்எஃப் வழியாக வந்தால் பாகையில் இருக்கும் தரவை ஸ்பேட்ஸ்டாட்டுக்கு மாற்ற முயலும்போதே பிழை காட்டி நிறுத்திவிடும். சிஎஸ்வி-யிலிருந்து நேரே, புள்ளித் தொகுதியை உருவாக்கும் பிபிபி கட்டளைக்குக் கொடுத்தால் அந்தக் காவல் கிடையாது.

எல்லை

ஸ்பேட்ஸ்டாட்டில் புள்ளித் தொகுதி என்பது புள்ளிகள் மட்டுமல்ல, அவற்றைத் தேடிய நிலப்பரப்பும் சேர்ந்தது. அந்த நிலப்பரப்புக்கு ஓவின் என்று பெயர். புள்ளி இல்லாத இடமும் ஒரு தகவல் என்பதால்தான் இது வேண்டும்: தேடிப்பார்த்தும் இல்லை என்பதற்கும், தேடவே இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எல்லைதான் சொல்கிறது. எல்லையைக் கொடுக்காமல் எஸ்எஃப் புள்ளிகளை மாற்றினால், புள்ளிகளைச் சுற்றி இறுக்கமான ஒரு செவ்வகத்தை மென்பொருளே போட்டுக்கொள்ளும். குமரிக்கு அப்படிப் போட்டால் செவ்வகத்தில் கணிசமான பகுதி கடலாக இருக்கும்.

சராசரி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 150 புள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாவட்டம் முழுவதையும் எல்லையாக எடுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 0.09. ஆரல்வாய்மொழிக் கணவாயைச் சுற்றிய 200 சதுர கிலோமீட்டரை மட்டும் எடுத்தால் 0.75. அதே புள்ளிகள்தான், விடை எட்டு மடங்கு கூடிவிட்டது. எது சரி என்பது கேள்வியைப் பொறுத்தது. காற்றாலை நிறுத்தவே முடியாத காட்டுச் சரிவுகளை எல்லைக்குள் வைத்துக்கொண்டு 'இங்கே அடர்த்தி குறைவு' என்று சொல்வதில் பொருளில்லை. வீடுகளை எண்ணுகிறவர்கள் குளப்பரப்பை வெட்டி எடுத்துவிட வேண்டும். நீர்ப்பறவைக் கூடுகளை எண்ணுகிறவர்களுக்கோ தேரூர்க் குளமும் வேம்பனூர்க் குளமுமே எல்லை. குளத்தின் ஓரம் பருவத்துக்குப் பருவம் நகரும். ஆகவே கரைக்கோட்டை வைத்து வரையுங்கள்.

எல்லைக் கோட்டைக் கையால் கொடுப்பதானால் வெளிக்கோட்டின் முனைகள் இடஞ்சுழியாகவும், வெட்டி எடுக்கும் குளம் போன்ற ஓட்டைகள் வலஞ்சுழியாகவும் வரவேண்டும். முதல் முனையைக் கடைசியில் திரும்ப எழுதக்கூடாது. எஸ்எஃப் கோப்பிலிருந்து ஆஸ்.ஓவின் கட்டளையால் மாற்றினால் இந்தக் கவலை இல்லை.

அடுத்து எல்லையின் ஓரம். குமரி மாவட்டத்தில் இரண்டு வகை ஓரங்கள் இருக்கின்றன, இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக்கூடாது.

கடலோரம் உண்மையான முடிவு. நீரோடி முதல் முட்டம், மணக்குடி வழியாகக் கன்னியாகுமரி வரையிலும் அதைத் தாண்டி ஆரோக்கியபுரம் வரையிலும் கரைக்கு அப்பால் கிணறும் இல்லை, வீடும் இல்லை. கரையில் உள்ள ஒரு புள்ளியைப் பரப்பும்போது அதில் பாதி கடலுக்குள் சிந்திவிடும். குமரி முனையில் பாதிக்கு மேலேயே சிந்தும். திருத்தாவிட்டால் கடற்கரை ஊர்கள் எல்லாம் உண்மையைவிட அடர்த்தி குறைந்தவையாகத் தெரியும். இதைச் சரிசெய்வதுதான் எட்ஜ் என்ற தெரிவு. ஸ்பேட்ஸ்டாட்டில் அது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும், அணைக்காதீர்கள்.

மாவட்டக் கோடு அப்படியல்ல. தோவாளை வட்டத்தின் கோட்டைத் தாண்டியதும் காற்றாலைகள் நின்றுவிடுவதில்லை. காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் என்று திருநெல்வேலி மாவட்டத்துக்குள் தொடர்கின்றன. மேற்கே களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், வீடுகளும் கடைகளும் அதே நெருக்கத்தில் தொடர்கின்றன. இங்கே ஓரத் திருத்தம் செய்வதெல்லாம், கோட்டுக்கு வெளியேயும் உள்ளே இருப்பது போலவே இருக்கும் என்று ஊகிப்பதுதான். ஊகிக்கவேண்டிய தேவையே இல்லை. கோட்டுக்கு வெளியே சிக்மாவைப் (புள்ளியைப் பரப்பும் அகலம், கீழே விளக்கம் வருகிறது) போல் மூன்று மடங்கு தூரம் வரை புள்ளிகளைத் திரட்டி, பெரிய எல்லையில் கணக்கிட்டு, பிறகு மாவட்ட வடிவத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அடர்த்திப் படத்தின் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறிக்குள் சிறிய எல்லையின் பெயரைக் கொடுத்தால் ஆர் வெட்டித் தரும்.

புள்ளித் தொகுதியை உருவாக்குதல்

பிபிபி கட்டளைக்கு எக்ஸ், ஒய், எல்லை மூன்றையும் கொடுங்கள். 'இத்தனை புள்ளிகள் வெளியே இருப்பதால் தள்ளப்பட்டன' என்று எச்சரிக்கை வந்தால் கடந்துபோகவேண்டாம். தள்ளப்பட்டவற்றைத் தனி நிறத்தில் வரைந்து பாருங்கள். குமரியில் அவை பெரும்பாலும் கடற்கரையில்தான் இருக்கும். பல எல்லைக் கோப்புகளில் கரைக்கோடு வழவழப்பாக வரையப்பட்டிருப்பதால் கரையை ஒட்டிய வீடுகள் கடலுக்குள் விழுகின்றன. புள்ளிகளை நீக்காதீர்கள், நல்ல கரைக்கோட்டைத் தேடுங்கள், இல்லையென்றால் எல்லையை 100 மீட்டர் போல வெளியே தள்ளுங்கள். விவேகானந்தர் பாறையும் திருவள்ளுவர் சிலையும் கரைக்கு அப்பால் இருப்பவை. அங்கே புள்ளி இருந்தால் அந்தப் பாறைகளும் தனித் துண்டுகளாக எல்லையில் சேரவேண்டும்.

ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தால் அதற்கும் எச்சரிக்கை வரும். ஒரே காற்றாலையை இருமுறை குறித்திருந்தால் யுனீக் கட்டளையால் ஒன்றை நீக்கலாம். ஓர் அடுக்குமாடியில் மூன்று வீட்டில் காய்ச்சல் என்றால் மூன்றும் உண்மை, நீக்கக்கூடாது.

சிக்மா

ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு சிறு மணற்குவியலைக் கொட்டி, எல்லாக் குவியல்களின் உயரத்தையும் கூட்டுவதுதான் கர்னல் முறை. குவியல் எவ்வளவு அகலம் என்பதே சிக்மா. இயல்பான காஸ் வடிவத்தில் (மணி போன்ற வடிவம்), சிக்மாவைப் போல் இரு மடங்கு ஆரத்துக்குள் குவியலின் 86 விழுக்காடும், மூன்று மடங்குக்குள் 99 விழுக்காடும் அடங்கிவிடும்.

சிக்மாவை நீங்கள் கொடுக்காவிட்டால், எல்லையைச் சுற்றிய செவ்வகத்தின் குறுகிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். நம் மாவட்டத்தைச் சுற்றிய செவ்வகம் இரு பக்கமும் ஏறத்தாழ 56 கிலோமீட்டர். ஆகச் சிக்மா 7 கிலோமீட்டர். ஆரல்வாய்மொழியில் நிற்கும் ஒரு காற்றாலையின் குவியல் நாகர்கோவில் வரை பரவிக் கிடக்கும் என்று பொருள். அந்தப் படத்தைப் பார்க்கிறவர் நாகர்கோவில் நகரத்திலும் காற்றாலைகள் இருப்பதாகவே நினைப்பார்.

தரவிலிருந்தே சிக்மாவைத் தேடித் தரும் கட்டளைகள் நான்கு பழக்கத்தில் உள்ளன. பிடபிள்யூ.டிகிள், புள்ளிகள் கொத்துக் கொத்தாக இருப்பதாக எடுத்துக்கொண்டு கணிக்கும். பெரும்பாலும் சிறிய மதிப்பு தரும். பிடபிள்யூ.பிபிஎல் குறுக்குச் சரிபார்ப்பில் (ஒவ்வொரு புள்ளியாக விட்டுவிட்டுக் கணித்துப் பார்ப்பதில்) நிகழ்தகவு எங்கே கூடுகிறது என்று தேடும். பிடபிள்யூ.ஸ்காட் விரைவான தோராயம். கிழக்கு மேற்குக்கு ஒன்றும் வடக்கு தெற்குக்கு ஒன்றுமாக இரண்டு எண் தரும், மதிப்பு பெரிதாக இருக்கும். பிடபிள்யூ.சிவிஎல்-உம் ஓரளவு பெரிய மதிப்பையே தரும். ஒரே தரவுக்கு இந்த நான்கும் பல மடங்கு வேறுபட்ட விடை தருவது இயல்பு. மென்பொருளில் கோளாறு என்று நினைக்கவேண்டாம்.

காற்றாலைக்கு பிடபிள்யூ.டிகிளை நம்புவது சரியல்ல. ஒன்றின் காற்றை இன்னொன்று மறைக்காதபடி விசிறி விட்டத்தைப் போல் பல மடங்கு இடைவெளி விட்டு நிறுத்துகிறார்கள். அதாவது பக்கத்தில் பார்த்தால் புள்ளிகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. கொத்துக்கென்று அமைந்த விதி இங்கே பொருந்தாது. தேடிய வீச்சின் ஓரத்திலேயே விடை கிடைத்தது என்று எச்சரிக்கை வந்தால் அந்த எண்ணை எடுக்காதீர்கள். விடையை பிளாட் கட்டளையால் வரைந்து, வளைகோடு நடுவில் தெளிவாகக் குழிகிறதா என்று பாருங்கள் (பிபிஎல் என்றால் நடுவில் எழுகிறதா என்று). தட்டையாகக் கிடந்தால், எந்த மதிப்பை எடுத்தாலும் ஒன்றுதான் என்கிறது தரவு.

எங்கள் பரிந்துரை: கேள்வியிலிருந்து சிக்மாவைத் தேர்ந்தெடுங்கள், தானியங்கி முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பகுதியில் காற்றாலைகள் நெருக்கம் என்று அறிய 500 முதல் 800 மீட்டர் போதும். மாவட்ட அளவில் ஒரே பார்வையில் காட்ட 2 கிலோமீட்டர். குடிநீர்க் கிணறு என்றால், தண்ணீர் எடுக்க மக்கள் உண்மையில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதே அளவுகோல். எடுத்த மதிப்பின் பாதியிலும் இரு மடங்கிலும் ஒவ்வொரு படம் வரைந்து மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். மூன்றிலும் நிற்கிற மேட்டைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

கணக்கிடுதல்

கட்டளை இந்த வடிவில் இருக்கும்:

அ <- டென்சிட்டி(கா, சிக்மா = 600, எப்ஸ் = 100, டிகிள் = ட்ரூ)

'அ' என்பது விடையாக வரும் அடர்த்திப் படம், 'கா' என்பது புள்ளித் தொகுதி. 'எப்ஸ்' என்பது படக்கட்டத்தின் பக்கம், மீட்டரில். அதைக் கொடுக்காவிட்டால் படம் 128-க்கு 128 கட்டங்களாகப் பிரியும்; மாவட்டம் முழுவதற்கும் அப்படிச் செய்தால் ஒரு கட்டம் ஏறத்தாழ 440 மீட்டர். 600 மீட்டர் சிக்மாவுக்கு அது மிகப் பெரிது, மேடுகள் சதுரம் சதுரமாகத் தெரியும். கட்டம் சிக்மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'டிகிள்' தெரிவு (மேலே பார்த்த பிடபிள்யூ.டிகிள் வேறு) ஓரத் திருத்தத்தைப் புள்ளிவாரியாகச் செய்து மொத்த எண்ணிக்கையைக் காக்கும்.

வரும் மதிப்பு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை என்பது, 0.0000007 போலத் தெரியும். பத்து லட்சத்தால் பெருக்கினால் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று ஆகிவிடும். சில இடங்களில் மிகச்சிறிய எதிர்ம எண் தென்பட்டால் அது கணிப்பு முறையின் முழுமையாக்கல் பிழை. 'பாசிட்டிவ் = ட்ரூ' என்று சேர்த்தால் போகும்.

இரண்டு சோதனைகள் கட்டாயம் செய்யுங்கள். பெருக்குவதற்கு முன்னால் இன்டெக்ரல் கட்டளையால் படத்தைக் கூட்டினால் புள்ளிகளின் மொத்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வரவேண்டும். 150 புள்ளிக்கு 90 வந்தால் எல்லையோ அலகோ தவறு. அடுத்தது, ஒற்றைப் புள்ளி எவ்வளவு உயரம் எழும் என்று கணக்கிடுங்கள்: 1-ஐ, இரண்டு பை (பை என்பது 3.14) பெருக்கல் சிக்மாவின் வர்க்கத்தால் வகுக்கவேண்டும். சிக்மா அரை கிலோமீட்டர் என்றால் சதுர கிலோமீட்டருக்கு 0.64, ஒரு கிலோமீட்டர் என்றால் 0.16. ஓரத்தைவிட்டு உள்ளே ஒரு மேட்டின் உச்சி 0.64-தான் என்றால் அது நெருக்கம் அல்ல, தனியாக நிற்கும் ஒரு காற்றாலை.

கியூஜிஐஎஸ்-இன் வெப்பப்படத்தோடு ஒப்பிடுகிறவர்கள் கவனிக்க: அங்கே கேட்கும் ஆரம் சிக்மா அல்ல. இயல்பாக வரும் குவார்ட்டிக் வடிவத்தில் ஆரத்தை 2.83-ஆல் வகுத்தால் ஏறத்தாழச் சிக்மா கிடைக்கும். 2 கிலோமீட்டர் ஆரம் என்பது 700 மீட்டர் சிக்மா. அங்கே ஓரத் திருத்தமும் கிடையாது. ஆகவே கடற்கரையில் இரண்டு படமும் ஒத்துப்போகாது.

படத்தைப் படிக்கும்போது

ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் இருந்தால் அது எந்த வகை எண் என்று முதலில் பிரியுங்கள். காற்றாலையின் மின்திறனை வெயிட்ஸ் தெரிவில் கொடுக்கலாம். சதுர கிலோமீட்டருக்கு எத்தனை கிலோவாட் என்ற பொருளுள்ள படம் வரும், ஏனென்றால் திறனைக் கூட்டலாம். கிணற்றின் நீர்மட்ட ஆழத்தை அப்படிக் கொடுக்கக்கூடாது. ஆழங்களைக் கூட்டினால் பொருளில்லை. கிணறு நெருங்கிய இடமெல்லாம் ஆழமான இடமாகத் தெரியும். அதற்கு ஸ்மூத் கட்டளை இருக்கிறது, அது பக்கத்துக் கிணறுகளின் சராசரியைத் தரும்.

நோய்ப் புள்ளிகளின் அடர்த்தி பெரும்பாலும் மக்கள்தொகையின் அடர்த்தியையே திருப்பிக் காட்டும். நாகர்கோவில் சிவப்பாகத் தெரிவது அங்கே நோய் மிகுதி என்பதாலா, ஆட்கள் மிகுதி என்பதாலா என்று அந்தப் படத்திலிருந்து சொல்ல முடியாது. நோயுற்ற வீடுகளையும், அதே பகுதியில் குலுக்கல் முறையில் எடுத்த பிற வீடுகளையும் இரு வகையாகக் குறித்து ரெல்ரிஸ்க் கட்டளையால் ஒப்பிடுங்கள். பொதுச் சுகாதார வேலைக்கு இதைத் தவிர்க்கவே கூடாது. தவறான ஊருக்கு மருந்தடிக்கும் வண்டி போனால் சரியான ஊர் காத்துக்கிடக்கும்.

நேர்கோட்டுத் தூரத்தில் பரப்புவதால் மணக்குடிக் காயலின் இரு கரையும் ஒன்றுக்கொன்று பக்கமாகவே கருதப்படும். எல்லைக்குள்ளேயே வளைந்து பரவவேண்டுமானால் டென்சிட்டிஹீட் கட்டளை அதைச் செய்யும், நேரம் கூடுதலாக எடுக்கும். சாலை விபத்துகளுக்கு இந்தப் பரப்பு முறையே பொருந்தாது. நாகர்கோவில் களியக்காவிளைச் சாலையில் நடந்தவற்றைப் பக்கத்து விளைகளிலும் தோப்புகளிலும் பரப்பிக் காட்டுவதாகிவிடும். ஸ்பேட்ஸ்டாட்.லின்நெட் தொகுப்பில் சாலையின் மேலேயே, கிலோமீட்டருக்கு எத்தனை என்று கணக்கிடலாம்.

கோப்பாகச் சேமித்தல்

டெர்ராவின் ராஸ்ட் கட்டளையால் மாற்றி, ரைட்ராஸ்டர் கட்டளையால் டிஃப் கோப்பாக எழுதுங்கள். ஸ்பேட்ஸ்டாட் படத்துக்குத் தான் எந்த ஆயமுறையில் (இடத்தை எண்களால் குறிக்கும் முறையில்) இருக்கிறோம் என்பது தெரியாது. எழுதும் முன் 32643-ஐ நீங்களே பொருத்தவேண்டும், இல்லாவிட்டால் கியூஜிஐஎஸ்-இல் படம் இடம் தெரியாமல் மிதக்கும். ரீஸ்கேல் கட்டளையால் தொகுதியையே கிலோமீட்டருக்கு மாற்றியவர்களுக்கு ஆயங்கள் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். குறியெண்ணைப் பொருத்தினாலும் படம் மாவட்டத்தின் மேல் உட்காராது. அதனால்தான் மேலே தொகுதியை மீட்டரிலேயே விட்டு, விடையை மட்டும் பத்து லட்சத்தால் பெருக்கச் சொன்னோம். படத்தின் கீழே சிக்மா, கட்ட அளவு, எல்லைக் கோப்பின் பெயர், செயற்கைக்கோள் படத்தின் ஆண்டு, ஓரத் திருத்தத்தின் வகை ஆகிய ஐந்தையும் எழுதுங்கள்.